கோழிக்குள் முட்டைக்கோஸ்

தங்கச்செல்வி வாந்தியை உடனே கொட்டிவிட மாட்டாள். வாந்தி பிடித்த பேசினை டியூப்லைட்டுக்கு அடியில் கொண்டுபோய்ச் சாய்த்து, விளக்குமாற்றுக் குச்சியால் கிளறிப் பார்ப்பாள். பக்கத்தில் நிற்பவர்களுக்குக் குமட்டும். அவளுக்குக் குமட்டாது. உள்ளே போனது எது, எவ்வளவு நேரம் தங்கியது என்பதை வாந்தி சொல்லும். வீட்டு ஆட்கள் சொல்ல மாட்டார்கள் என்பது அவள் அனுபவம்.

அன்றைக்கும் பார்த்தாள். பிய்த்துப் போட்ட கோழிச் சதை, நூலாக நறுக்கி வேகவைத்த முட்டைக்கோஸ், காரட், சௌசௌ. ஊட்டியபோது தட்டில் எப்படி இருந்ததோ அப்படியே திரும்பி வந்திருந்தது. ரத்தம் இல்லை. பித்தம் இல்லை. வயிற்றுக்குள் தங்கவே இல்லை.

"இன்னைக்குமாக்கா?" வாசலில் நின்று கேட்டான் ஜெயக்குமார். கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். சட்டையில் புண்ணாக்கு வாசனை.

"இன்னைக்கும்தான் தம்பி."

கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தவர் அவனுடைய அப்பா தனுஷ்கோடி. அருப்புக்கோட்டையில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்று, சுற்றுவட்டாரத்து ஆடுமாடுகளையெல்லாம் கொழுக்க வைத்தவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணி, பேச்சும் குழறிப் போனது. அதைவிடப் பெரிய சங்கடம், விழுங்குவதற்குத் தொண்டை சரியாக ஒத்துழைக்கவில்லை. தண்ணீர்கூடப் புரையேறும். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "வாந்தி வந்து அது நுரையீரலுக்குள்ள போச்சுன்னா இவரக் காப்பாத்துறது கஷ்டம். வாந்தி வராமப் பாத்துக்கங்க."

வாந்தி வந்துகொண்டேதான் இருந்தது. காலை இட்லி தங்கியது. மதியம் குழைந்த சோறும் பருப்பும் தங்கின. செவ்வாய், வெள்ளி என்று கறி ஆக்காத நாட்களில் ராத்திரிச் சாப்பாடும் தங்கியது. கோழி ஆக்கிய ராத்திரிகளில் மட்டும் தங்குவதில்லை. டாக்டர் மாத்திரையை மாற்றிப் பார்த்தார். பயன் இல்லை.

கோழியை ஆக்குவது மருமகள் சுகப்பிரியா.

தங்கச்செல்விக்குச் சந்தேகம் என்பது பழக்கம். சின்ன வயதில் பிடித்துக்கொண்ட பழக்கம். எம்.ரெட்டியபட்டியில் அவள் அப்பாவுக்கு மானாவாரி நிலம். பருத்தி வெடித்தால் வியாபாரி வண்டியோடு களத்துக்கு வருவார். எடை போடும்போது அவர் தராசுத் தட்டில் கட்டைவிரலை வைக்கிறாரா என்று பார்க்க, அப்பா தங்கச்செல்வியைத்தான் தட்டுக்கு நேரே நிறுத்துவார். அவள் உயரம் தட்டின் உயரம். "விரல மட்டும் பாரு. மூஞ்சியப் பாக்காத, சிரிச்சு மயக்கிருவான்" என்பார். அவளும் விரலையே பார்த்து வளர்ந்தாள்.

பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் லாரி ஓட்டினான், குடித்தான், ஈரல் கெட்டுச் செத்தான். கிடந்த காலமெல்லாம் அவனுக்குப் பீ மூத்திரம் அள்ளினாள். அது முடிந்ததும், இதையே ஒழுங்காகக் கற்றுக்கொண்டு செய்தால் சோறு கிடைக்குமே என்று மதுரைக்குப் போய், நோயாளியைப் பராமரிக்கும் பயிற்சியில் சேர்ந்தாள். புரட்டிப் படுக்க வைப்பது, புண் வராமல் பார்ப்பது, சிறுநீர்க் குழாய், மூக்குக் குழாய் எல்லாம் பழகினாள். அழுகிற வயதெல்லாம் தாண்டியிருந்தது.

முதலில் வேலைக்குப் போன வீட்டில் ஒரு கிழவி எந்நேரமும் தூங்கிக்கொண்டே இருந்தாள். வயசு, தளர்ச்சி என்றார்கள். செத்த பிறகு மெத்தையைத் தூக்கிப் போட்டபோதுதான் அடியில் தூக்க மாத்திரை அட்டைகள் கிடந்தன. பெற்ற மகளே காப்பியில் கலந்து கொடுத்திருக்கிறாள். தொந்தரவு இல்லாமல் இருக்கட்டும் என்று. தங்கச்செல்வி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை; சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் அன்றைக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். தன் நோயாளியின் வாய்க்குள் போகிற எதுவும் தன் மூக்கையும் நாக்கையும் தாண்டித்தான் போக வேண்டும்.

இந்த வீட்டிலும் அப்படித்தான். ஊட்டுவதற்கு முன் மோந்து பார்த்தாள், ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்தாள். கோழியில் ஒன்றும் தெரியவில்லை. மிளகு, சீரகம், இஞ்சி, பூண்டு. உப்பு கம்மி. நன்றாகவே இருந்தது. அதுவே அவளுக்கு உறுத்தியது.

தனுஷ்கோடியின் தங்கை கோகிலாம்பாளுக்கு உறுத்தல் எல்லாம் இல்லை, முடிவே இருந்தது. நரிக்குடியில் வாழ்க்கைப்பட்டு, புருஷன் போனபின் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். ஜெயக்குமாருக்கு அத்தை, சுகப்பிரியாவுக்குச் சின்னம்மா முறை. வீட்டில் விளக்கேற்றுவது அவள்தான். சாயங்காலம் சாமி அறையில் விளக்கை ஏற்றி, எல்லாருக்கும் நெற்றியில் திருநீறு பூசி, வாயிலும் ஒரு சிட்டிகை போடுவாள். தங்கச்செல்வியும் வாயைத் திறந்து வாங்கிக்கொள்வாள். அண்ணனுக்கு மட்டும் கட்டிலுக்கே கொண்டுபோய்ப் பூசுவாள். அதன் பிறகுதான் அவருக்குச் சாப்பாடு.

"செல்வி, நீ பாத்துருக்கியா? கோழிக்குள்ள முட்டைக்கோஸப் போட்டு எவளாச்சும் ஆக்குவாளா?" துணி மடிக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஆரம்பித்தாள் கோகிலாம்பாள்.

"காயோட சேந்தா மலம் லேசாப் போகும்க்கா. சத்தும் சேரும். டாக்டரே சொன்னதுதான?"

"டாக்டர் காயும் குடுங்க, கறியும் குடுங்கன்னுதான சொன்னாரு? ரெண்டையும் ஒரே சட்டியில போட்டுக் குழப்பச் சொன்னாரா? முட்டைக்கோஸு வெந்தா என்ன நாத்தம் நாறும்! அதுக்குள்ள எதப் போட்டாலும் தெரியாது. ஏன் போடுறானு இப்பப் புரியுதா?"

"என்னத்தப் போடுறாங்குறீக?"

கோகிலாம்பாள் குரலைத் தாழ்த்தினாள். "மருந்துதான்."

ஆளைத் தன் சொல்லுக்கு ஆட்டிவைக்கவோ, படுக்கையிலேயே தள்ளவோ சோற்றில் எதையோ கலந்து கொடுப்பதை அந்தப் பக்கத்தில் மருந்து வைப்பது என்பார்கள். அது குடலில் ஒட்டிக்கொண்டு ஆளை உள்ளேயே அரிக்குமாம். அதை எடுக்கவென்றே ஊருக்கு ஒருவர் இருப்பார். தங்கச்செல்விக்கு அதில் நம்பிக்கை கிடையாது. தூக்க மாத்திரையில் நம்பிக்கை உண்டு. எலி மருந்தில் உண்டு.

"அவளுக்கு அதுல என்னக்கா லாபம்?"

"இந்தக் கட்டில் காலியானா அவ கடையப் பூட்டிட்டு புருஷன மெட்ராஸுக்கு இழுத்துட்டுப் போயிருவா. அவ அண்ணன் அங்கதான இருக்கான். போன்ல பேசுறத என் காதால கேட்டேன்."

அடுத்த முறை கோழி ஆக்கியபோது தங்கச்செல்வி வெந்நீர் எடுக்கிற மாதிரி சமையலறைக்குப் போனாள். கதவு பாதி சாத்தியிருந்தது.

சுகப்பிரியா சுறுசுறுப்பானவள். எலும்பில்லாத கோழியை மஞ்சள் போட்டுக் கழுவி வைத்திருந்தாள். முட்டைக்கோஸைக் காம்பு நீக்கி நூலாக நறுக்கி, பீன்ஸை நார் எடுத்து, காரட்டையும் சௌசௌவையும் பொடியாக வெட்டியிருந்தாள். சின்ன வெங்காயம் வதங்கியதும் எல்லாவற்றையும் சின்னக் குக்கரில் போட்டு, விசில் அடங்கியதும் மத்தால் ஒன்றிரண்டாக மசித்தாள். பிறகு திரும்பிக்கூடப் பார்க்காமல், அலமாரியின் உள்தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து, அதிலிருந்த வெள்ளைக் கரைசலைக் குக்கருக்குள் ஊற்றினாள்.

தங்கச்செல்வியின் கால் கதவில் இடித்தது. சுகப்பிரியா திடுக்கிட்டு டம்ளரைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள்.

"என்னக்கா, சத்தமில்லாம வந்து நிக்கிறீக?"

"வெந்நி."

"அடுப்புல இருக்கு, எடுத்துக்கங்க."

விரலை மட்டும் பாரு என்று அப்பா சொன்னது சும்மாவா. அந்த ராத்திரியும் தனுஷ்கோடி வாந்தி எடுத்தார். வாந்தியின் முடிவில் இருமல் வந்து, முகம் நீலம் பாரித்து, மூச்சு வாங்க நேரமாகிவிட்டது. மறுநாள் காலையில் தங்கச்செல்வி ஜெயக்குமாரைக் கடைக்குக் கிளம்பும்போது நிறுத்தினாள்.

"தம்பி, இனிமே அப்பாவுக்கு ராத்திரிச் சாப்பாடு நான் ஆக்குறேன். அதே கோழி, அதே காய். நானே வாங்கி நானே ஆக்குறேன். அடுப்படிக்கு வேற யாரும் வர வேண்டாம்."

ஜெயக்குமார் அவளையே பார்த்தான். "யாரச் சொல்றீக?"

"யாரையும் சொல்லல. ஆக்குறேன்னு சொன்னேன்."

சொன்னதெல்லாம் அவ்வளவுதான். ஆனால் வீட்டில் யாருக்கும் அதற்குமேல் சொல்லத் தேவைப்படவில்லை. சுகப்பிரியா அடுப்பை விட்டு விலகி நின்றாள். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.

அன்றைக்கே நரிக்குடியிலிருந்து போன் வந்தது. கோகிலாம்பாளின் கொழுந்தனார் இறந்துவிட்டார். அவள் பஸ் ஏறிப் போய், பிணம் எடுத்த மறுநாளே தலைமுழுகிவிட்டுத் திரும்பி வந்தாள். தீட்டோடு வரக்கூடாதுதான். ஆனால் அண்ணன் கிடக்கிற கிடையில் அங்கே உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. புருஷன் வீட்டுத் தீட்டு அவளுக்குத்தான், அண்ணனுக்கு ஒட்டாது. அதனால் பின்கட்டு அறையில் படுத்துக்கொண்டாள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை சாமி அறைப் பக்கம் போகவில்லை. விளக்கையோ திருநீற்றுக் கிண்ணத்தையோ தொடவில்லை. மற்றபடி வெங்காயம் உரித்தாள், அண்ணன் கால்மாட்டில் உட்கார்ந்தாள், வாய் ஓயாமல் பேசினாள்.

தங்கச்செல்வி கோழி ஆக்கினாள். சுகப்பிரியா செய்த மாதிரியே, அந்த டம்ளரை மட்டும் விட்டுவிட்டு. தனுஷ்கோடி சாப்பிட்டார். எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்று அவர் தொண்டையையே பார்த்தார்கள். ஏப்பம் விட்டார். தூங்கினார்.

மறுமுறையும் தங்கியது. அதற்கடுத்த முறையும் தங்கியது. கன்னத்தில் கொஞ்சம் சதைகூட வைத்தது.

"பாத்தியாடா?" கோகிலாம்பாள் பின்கட்டிலிருந்தே ஜெயக்குமாரிடம் கத்தினாள். "அதே கோழி. அதே முட்டைக்கோஸு. கைதான் வேற. நான் சொன்னா பைத்தியக்காரின்னீக. இப்ப ட்ரெயினிங் எடுத்தவளே கண்டுபிடிச்சுட்டா."

அன்றைக்குத்தான் தங்கச்செல்வி டம்ளரைப் பார்த்த விஷயத்தை ஜெயக்குமாரிடம் சொன்னாள். அவன் மனைவியிடம் கேட்டான். எல்லார் முன்னாலும் கேட்டதுதான் அவன் செய்த தப்பு.

"அந்த டம்ளர்ல என்ன ஊத்துன?"

சுகப்பிரியா முதலில் அவனைப் பார்த்தாள். பிறகு தங்கச்செல்வியைப் பார்த்தாள். யார் சொல்லியிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"விஷம்" என்றாள். "போதுமா?"

"ஒழுங்காப் பதில் சொல்லு பிரியா."

"ஒழுங்காக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மா வீடு திருச்சுழியில். ஜெயக்குமார் தடுக்கவில்லை. "நான் கூப்பிடாம வராத" என்று மட்டும் சொன்னான். கோகிலாம்பாள் பின்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கச்செல்வி நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகில் பவுடர் போட்டாள். செய்ய வேண்டியதைச் செய்தோம் என்றுதான் நினைத்தாள்.

காரியம் முடிந்தது. கோகிலாம்பாள் நரிக்குடிக்குப் போய் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகி, சாமி கும்பிட்டு, புதுச் சேலையில் திரும்பினாள். அன்று சாயங்காலம் சாமி அறையில் நல்லெண்ணெய் விளக்கு மறுபடி அவள் கையால் எரிந்தது. எல்லாருக்கும் திருநீறு பூசினாள். அண்ணனுக்குக் கட்டிலுக்கே போய்ப் பூசினாள். தங்கச்செல்வி குக்கரை இறக்கி, கோழியையும் முட்டைக்கோஸையும் ஒன்றிரண்டாக மசித்து, மோந்து பார்த்து, நக்கிப் பார்த்து, ஊட்டினாள்.

பாதித் தட்டு போயிருக்கும். தனுஷ்கோடியின் கண்கள் பிதுங்கின. வயிறு ஒரு உலுக்கு உலுக்கியது.

தங்கச்செல்வி தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு அவரை வலது பக்கமாகப் புரட்டி, தலையைத் தாழ்த்தி, முதுகில் தட்டினாள். வந்தது, மறுபடி வந்தது. இழுத்த மூச்சு உள்ளே போகாமல் தொண்டையில் கரகரத்தது. விரலில் பஞ்சுத் துணியைச் சுற்றி வாய்க்குள் விட்டு அடைத்ததையெல்லாம் வழித்துப் போட்டாள். கடைசியில் மூச்சு வந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. அவள் நெற்றியிலிருந்து வியர்வை அவர்மேல் சொட்டியது.

நிமிர்ந்து பார்த்தால் ஜெயக்குமார் கட்டிலருகில் நின்றுகொண்டிருந்தான். அவன் வாந்தியைப் பார்க்கவில்லை. தங்கச்செல்வியைப் பார்த்தான்.

"அக்கா, இன்னைக்கு ஆக்குனது நீங்க."

"நாந்தான்."

"வேற யாரும் அடுப்படிக்கு வரல."

"வரல."

"பின்ன எப்படி?"

கோகிலாம்பாள் அலறினாள். "எப்படின்னு கேக்குறியே ராசா! அவ திருச்சுழியில இருந்து போன்ல சொல்லச் சொல்ல இவ போடுறா. ரெண்டு பேரும் சேந்துட்டாளுக!"

எத்தனையோ வீடுகளில் தங்கச்செல்வி ஆட்களைச் சந்தேகமாகப் பார்த்திருக்கிறாள். அந்தப் பார்வை தன்மேல் விழுந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. காது மடல் சூடாகியது. குக்கரில் மிச்சம் இருந்ததை அப்படியே எடுத்து வந்து, நின்றபடியே கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டாள். குக்கரை வழித்து நக்கினாள்.

"நில்லுங்க தம்பி. நான் வாந்தி எடுக்குறேனான்னு பாருங்க."

எடுக்கவில்லை. நின்றுகொண்டிருந்த நேரத்தில் கை சும்மா இருக்கக்கூடாது என்று மறுபடி நோயாளியிடம் போனாள். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுந்த பக்கத்துக் கன்னத்துக்குள் சாப்பாடு ஒதுங்கிக்கொள்ளும். வாந்தி எடுத்தாலும் அது அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். இடது கன்னத்தை விலக்கி, துணி சுற்றிய விரலால் உள்ளே வழித்தாள்.

கோழி வரவில்லை. முட்டைக்கோஸ் வரவில்லை. சாம்பல் நிறத்தில் களிபோல ஒன்று வந்தது.

மோந்தாள். நாக்கு நுனியில் தொட்டாள். கசப்பு. கசப்புக்குப் பின்னால் தொண்டையை அரித்துக்கொண்டு ஒரு குமட்டல் கிளம்பியது. வாந்தியைக் கிளறியும் குமட்டாத அவளுக்கு.

அவள் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்திருக்கிறது. சோறு, தண்ணீர், மாத்திரை, மோர் எல்லாவற்றையும் அவள் மோந்து பார்த்தாள். திருநீற்றை யார் மோந்து பார்ப்பார்கள்? அது வாய்க்குள் போகிற பண்டம் என்றே அவள் கணக்கில் வரவில்லை. தானே வாயைத் திறந்து வாங்கிக்கொண்டிருந்தாள். இப்போது யோசித்தால், தனக்கும் ஜெயக்குமாருக்கும் பித்தளைக் கிண்ணத்திலிருந்து வந்தது. கட்டிலுக்குப் போகும்போது கோகிலாம்பாள் இடுப்பில் செருகியிருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரிப்பாள். குலசாமி கோயிலில் அண்ணனுக்கென்று வேண்டி வாங்கிய திருநீறு என்று சொல்லியிருந்தாள். எல்லார் கண் முன்னாலும்தான் நடந்தது. கறி ஆக்காத நாட்களில் அந்தப் பொட்டலம் வெளியே வந்ததாக நினைவில்லை.

தங்கச்செல்வி கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"அக்கா, அண்ணாச்சிக்குப் பூசுன திருநீற எனக்கும் கொஞ்சம் குடுங்க. மனசு சரியில்ல."

"அது அண்ணனுக்குன்னு நேந்துகிட்டது. உனக்குக் கிண்ணத்துல இருக்கு, எடுத்துக்க."

"சாமி துன்னூறுல என்னக்கா உனக்கு எனக்கு?"

கோகிலாம்பாளின் கை இடுப்புக்குப் போய்ப் பொத்திக்கொண்டது. ஜெயக்குமார் அந்தக் கையைப் பார்த்தான். வியாபாரி மகன், கை எங்கே போகிறது என்று பார்க்க அவனுக்கும் தெரியும்.

"எனக்குக் குடு அத்தை." வாயைத் திறந்துகொண்டு அவள் முன்னால் போய் நின்றான்.

"நீ வேண்டாம் ராசா." அவள் பின்வாங்கினாள். "உனக்கு எதுக்கு? உன் வயித்துல மருந்து இல்லையே!"

கோகிலாம்பாள் மறைக்கவில்லை. தப்பு செய்துவிட்டதாக அவள் நினைக்கவே இல்லை; மறைக்க என்ன இருக்கிறது? கமுதி ரோட்டில் மருந்து எடுக்கிறவர் ஒருவர் கொடுத்த பொடி. ஏதோ காட்டுக் காயை உலர்த்தி இடித்தது. திருநீற்றில் கலந்து கொடுத்தால் வைத்த மருந்து முறிந்து வாந்தியில் வரும் என்றாராம்.

"கோழியோட உள்ள போனது கோழியோடதான் வெளிய வரும்னாரு. அதான் கோழி ஆக்குற அன்னைக்கு மட்டும் குடுத்தேன். வாந்தி வருதுன்னா வேலை செய்யிதுன்னு அர்த்தம். நான் குடுத்துருக்காட்டி உங்கப்பன் எப்பவோ போயிருப்பான்."

"அத்தை, அவளத்தான் அனுப்பியாச்சே! இன்னைக்கு எதுக்குக் குடுத்த?"

"பழசு ஒட்டிக்கிட்டிருக்காதா? பொட்டலம் தீர்ற வரைக்கும் குடுக்கணும்னாரு. நடுவுல தீட்டு வந்து கெடுத்துருச்சு."

ஜெயக்குமார் பொட்டலத்தைப் பிடுங்கிக் கொல்லைச் சாக்கடையில் கொட்டினான். திரும்பி வந்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். தனுஷ்கோடி குழறலாக ஏதோ சொன்னார். கசப்பு என்று சொன்ன மாதிரி இருந்தது. இத்தனை நாளும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாரோ என்னவோ. திருநீறு வாயில் விழும்போதெல்லாம் அவர் முகம் சுளித்தது தங்கச்செல்விக்கு ஞாபகம் வந்தது. கோணிய வாய் அப்படித்தான் போகும் என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் கடைப் பையனை அப்பாவுக்குக் காவலாக உட்கார வைத்துவிட்டு ஜெயக்குமார் பைக்கை எடுத்தான். தங்கச்செல்வி பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"நீங்க எதுக்குக்கா?"

"மொதல்ல சொன்னது நானு. நானும்தான் வரணும்."

திருச்சுழி ரோட்டின் இருபுறமும் கருவேலங்காடு. சுகப்பிரியாவின் அம்மா வாசலில் நின்று "வாங்க" என்றாள், உட்காரச் சொல்லவில்லை. சுகப்பிரியா உள்ளேயிருந்து வந்து தூணில் சாய்ந்து நின்றாள். ஜெயக்குமார் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறவே இல்லை.

"அந்த டம்ளர்ல சோளமாவுதான் கரைச்சு வச்சிருந்தேன்" என்றாள். "தண்ணியா இருந்தா மாமாவுக்குப் புரையேறுது, கெட்டியாக் குடுக்கணும்னு இவுகதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாக." தங்கச்செல்வியை மோவாயால் காட்டினாள். "கோழியில மாவக் கலக்குறானு சின்னம்மா அதுக்கும் ஒரு கத கட்டுவாகன்னு மறைச்சேன். அவுகளுக்குத் தெரியாது, சரி. நீங்க படிச்சுட்டு வந்தவுக. ஒரு வார்த்த 'என்னடி அது'ன்னு கேட்டிருந்தா என்ன?"

"கேட்டிருக்கணும்" என்றாள் தங்கச்செல்வி.

"கேக்கலயே."

"கேக்கல. தப்புதான்."

அதற்குமேல் சமாதானம் எதுவும் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுகப்பிரியா கதவைச் சாத்தியிருப்பாள்.

"அத்தைய நரிக்குடிக்கே அனுப்பிடுறேன், நீ வா" என்றான் ஜெயக்குமார்.

"அதெல்லாம் ஆகாது. சின்னம்மா எங்கயும் போகக்கூடாது."

"ஏன்?"

"அவுக நரிக்குடியில போய் உக்காந்துகிட்டு ஊருக்கெல்லாம் என்ன சொல்லுவாகன்னு தெரியாதா? நான் மருந்து வச்சேன், கண்டுபிடிச்ச அவுகள விரட்டிட்டேன்னு சொல்லுவாக. வேண்டாம். அவுக அங்கயே இருக்கணும். நான் அதே கோழிய அதே முட்டைக்கோஸப் போட்டு ஆக்குவேன். மாமா அவுக கண்ணு முன்னாடி சாப்பிடணும். சாப்பிட்டது தங்கணும். அத அவுக பாக்கணும்."

பையை எடுத்துக்கொண்டு வந்து பைக்கில் ஏறினாள். தங்கச்செல்வி பஸ்ஸில் வந்தாள்.

அன்று ராத்திரிச் சமையலுக்குச் சுகப்பிரியா கதவை அகலத் திறந்து வைத்தாள். கோகிலாம்பாள் நிலைப்படியில் கால் நீட்டி உட்கார்ந்து, இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கோழி, முட்டைக்கோஸ், பீன்ஸ், காரட், சௌசௌ ஒவ்வொன்றையும் அவள் முகத்துக்கு நேரே காட்டிக் காட்டிப் போட்டாள் சுகப்பிரியா. சோளமாவு டப்பாவையும் காட்டினாள். "இது மாவு சின்னம்மா. பேர் எழுதியிருக்கு, படிச்சுக்கங்க."

"எனக்கெதுக்குடி காட்டுற? நான் என்ன போலீஸா?"

விளக்கை ஜெயக்குமார் ஏற்றினான். அப்பாவுக்கு நெற்றியில் மட்டும் திருநீறு பூசினான்.

தங்கச்செல்வி ஊட்டினாள். ஒரு வாய், கழுத்தைத் தடவிக்கொடுத்து விழுங்க வைத்து, மறுபடி ஒரு வாய். தட்டு காலியாயிற்று. ஜெயக்குமார் பேசினைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். சுகப்பிரியா சுவரில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, மாமனாரைப் பார்க்காமல் கோகிலாம்பாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனுஷ்கோடிக்கு ஒருமுறை லேசாக விக்கியது. அத்தனை பேரும் ஒரு அடி முன்னால் வந்தார்கள். விக்கல் நின்றது. அவர் வலது கையால் தட்டைக் காட்டினார். இன்னும் வேண்டுமாம்.

ஜெயக்குமார் பேசினைக் கீழே வைத்தான்.

"தங்கிருச்சு சின்னம்மா" என்றாள் சுகப்பிரியா.

கோகிலாம்பாள் மூக்கை உறிஞ்சினாள். "நாந்தான் கண்ணக் கொட்டாமப் பாத்துக்கிட்டிருந்தேன்ல. அதான் ஒண்ணும் போட முடியல."

ஜெயக்குமாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தங்கச்செல்வி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். சுகப்பிரியா கோபப்படவில்லை. சமையலறைக்குப் போய், குக்கரில் மிச்சமிருந்ததை ஒரு தட்டில் போட்டுக் கொண்டுவந்து கோகிலாம்பாளின் முன்னால் வைத்தாள்.

"நாளைக்கும் பாருங்க. தெனமும் பாருங்க. இப்பச் சாப்பிடுங்க."

கோகிலாம்பாள் தட்டைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். அவர் தூங்க ஆரம்பித்திருந்தார். நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. வெகுநேரம் கழித்து அவள் தட்டை மடிப்பக்கம் இழுத்துக்கொண்டாள். முட்டைக்கோஸை நூல் நூலாகப் பொறுக்கி ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, கோழியை மட்டும் தின்றாள்.